குடம் பேச வேண்டுமா?

பிலிம்ஸ் டிவிஷன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு டூரிங் டாக்கீஸில் மெயின் படத்துக்கு முன் ஓடிய நியூஸ் ரீல்தான் நினைவுக்கு வரும். அணைக்கட்டு, ஐந்தாண்டுத் திட்டம், குடும்பக் கட்டுப்பாடு என்று நமக்குப் பாடம் எடுத்த அந்த அரசு நிறுவனம்தான், பாடமே இல்லாத ஒரு குறும்படத்தையும் எடுத்தது.

1967-இல் ஓவியர் எம்.எஃப். உசேன் அவர்களுக்காக ராஜஸ்தானில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். கதை கிடையாது. ஒரு குடை, ஒரு லாந்தர் விளக்கு, ஒரு செருப்பு. கோட்டை, தெரு, மக்கள் முகங்களுக்கு நடுவே இவை திரும்பத் திரும்ப வரும். அந்த ஆண்டே பெர்லின் படவிழாவில் சிறந்த குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது அதற்குக் கிடைத்தது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. சோழவரம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் குறும்படப் போட்டி வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் நான்கு நிமிடப் படம் எடுத்திருந்தான். தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆள் யாரும் இல்லை. காற்றில் ஒரு பச்சைக் குடம் உருண்டு விலகுகிறது. ஒரு கை வந்து அதை எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போகிறது. அவ்வளவுதான்.

"கருத்து எங்கே?" என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 'நீரைச் சேமிப்போம்' என்று மூன்று முறை சொன்ன படத்துக்குப் பரிசு போனது.

அறிவுரைப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலியோ சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததில் அப்படிப்பட்ட படங்களுக்கும் பங்குண்டு. ஆனால், அந்தப் பச்சைக் குடத்தில் கருத்து இல்லையா? நம்மூர் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நம் குடம் வரிசையில் நிற்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடம் அந்த வீட்டுக்காரருடையது என்று தெருவே ஒப்புக்கொள்கிறது. யாருடைய குடம் என்று கேட்காமல் ஒரு கை அதைக் காப்பாற்றுகிறது. இதைப் பார்த்துச் சொல்ல அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

ஓய்வுபெற்ற நம்மைத்தான் இத்தகைய போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால், கருத்து கேட்பதற்கு முன் படத்தை இன்னொரு முறை போடச் சொல்லிப் பாருங்கள். பரிசு கிடைக்கவேண்டுமே என்று அடுத்த ஆண்டு அவன் குடத்துக்குக் குரல் கொடுத்துப் பேசவைத்துவிடுவானோ என்பதுதான் என் கவலை.