பொட்டி தட்டும் நேரம் 9: மெகாஹெர்ட்ஸை மட்டும் நம்பாதீங்க மக்கா

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போற ஜூனியர் பசங்க கேக்குற முதல் கேள்வி: "எத்தனை மெகாஹெர்ட்ஸ்ணே?"

இதுக்குப் பதில் நம்ம பக்கத்து ஊர்லயே இருக்கு. டோர்செட் பார்க்கில் இருந்து கென்னடி ரோட்டைப் பிடிச்சு நேரா வடக்கே போனா மார்க்கம். 2006-ல் ஏஎம்டி வாங்குற வரைக்கும் ஏடிஐ கம்பெனியின் தலைமையகம் அங்கதான்.

2002 ஆகஸ்ட்டில் ஏடிஐ விட்ட ரேடியான் 9700 ப்ரோவின் வேகம் 325 மெகாஹெர்ட்ஸ். பதிலுக்கு 2003-ல் என்விடியா கடைக்குக் கொண்டுவந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா 500 மெகாஹெர்ட்ஸ். ரெண்டுலயும் மெமரி 128 எம்பி. பேப்பர்ல பாத்தா என்விடியா ஊதித் தள்ளியிருக்கணும், இல்லீங்களா?

நடக்கல. மெமரிக்குப் போற பாதை ரேடியான்ல 256 பிட், எஃப்எக்ஸ்ல வெறும் 128. வேகமான டிடிஆர்2 மெமரி போட்டும் நொடிக்கு 16 ஜிபிதான் தேறுச்சு. ரேடியானுக்குக் கிட்டத்தட்ட 20. ஆன்ட்டி-ஏலியாசிங் போட்டு விளையாடினா சாயம் வெளுத்துடும். ஊதினது என்னமோ எஃப்எக்ஸின் ஃபேன்தான், அப்படி ஒரு இரைச்சல்! என்விடியாகாரங்களே அதைக் கிண்டலடிச்சு வீடியோ எடுத்தாங்க.

அதுக்காக பிட் கணக்கையும் வேதமா எடுத்துக்காதீங்க. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 128 பிட்தான். ஆனா உள்ளே கேஷ் பெரிசு. 192 பிட் உள்ள 2021-ன் 3060-ஐ பெரும்பாலான கேம்ல முந்திடும். அதே 4060-ல் மெமரி 8 ஜிபிதான். தீசிஸுக்கு பெரிய மாடலா ஓட்டணும்னா 3060-ன் 12 ஜிபிதான் காப்பாத்தும்.

மாச வாடகையில பாதியைக் கொட்டப் போறீங்க. என்ன ஓட்டப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க தம்பி, கார்டை அப்புறம் பாக்கலாம்.