காற்றாலை வார்ப்படமும் ஈடுசெய் வரியும்

புதூர், கோவில்பட்டி, கயத்தாறு என விரியும் கரிசல் வட்டாரத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை நம்பி 1980களின் பிற்பகுதி முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டு வந்துள்ளன. மூன்று இறக்கைகளையும் பிணைக்கும் ‘ஹப்’ என்னும் குடம் வார்ப்பிரும்பாலானது என்பதால், இங்கே எழும் ஒவ்வொரு காற்றாலையும் ஏதோ ஒரு ஃபவுண்டரிக்குக் கிடைத்த வேலையாகும். அந்த வேலை கோவைக்குப் போகிறதா, சீனத்துக்குப் போகிறதா என்பதில் சீன அரசின் மானியத்துக்கும் பங்குண்டு என்று இந்திய அரசு விசாரித்துக் கண்டதன் விளைவாக, 2016 ஜனவரியில் சீனக் காற்றாலை வார்ப்படங்கள்மீது ஈடுசெய் வரி விதிக்கப்பட்டது.

ஏற்றுமதி நாட்டின் அரசு குறிப்பிட்ட தொழிலுக்குத் தரும் மானியத்தின் அளவைக் கணக்கிட்டு, அதற்கு மேற்படாமல் இறக்குமதியின்மீது சுமத்தப்படுவதே ஈடுசெய் வரி. 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தில் 9ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. நிறுவனமே விலையை அடக்கி விற்பதற்கு எதிரான பொருள் குவிப்புத் தடுப்பு வரி 9ஏ பிரிவின்கீழ் வருகிறது.

மானியம் எந்த இடத்தில் உறைக்கும் என்பது ஃபவுண்டரிக்காரர்களுக்குத் தெரியும். உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்து, அதிலுள்ள கிராஃபைட்டை உருண்டைகளாகத் திரளச்செய்து வார்ப்பதே எஸ்.ஜி. இரும்பு. அதில் வார்க்கப்படும் பல டன் எடையுள்ள ஹப், அச்சு மணலுக்குள்ளேயே நாள்கணக்கில் ஆறவேண்டும்; அவசரப்பட்டு அச்சைக் குலைத்தால் உள்தகைவு தங்கி, பிற்பாடு வெடிப்புக் காணும். அத்தனை நாளும் முதலும் இடமும் முடங்கிக் கிடக்க, வட்டி ஏறிக்கொண்டிருக்கும். மலிவான அரசுக் கடன் பெறும் போட்டியாளருக்கு அந்தச் சுமை பாதியாகக் குறைந்தாலும் விலைப்புள்ளி மாறிவிடும். அப்போது வேலை கைநழுவுவது திறமை குறைந்ததால் வந்த தோல்வி அன்று.

2016இல் அந்த வரியை விதித்த அறிவிக்கையின் உயிர் அதன் பொருள் வரையறையில் இருந்தது. கடைசலிட்டதோ இடாததோ, தனியாக வந்ததோ, கருவியின் பகுதியாகப் பூட்டப்பட்டு வந்ததோ, எல்லா வார்ப்படங்களும் அதற்குள் அடங்கின. மூலப்பொருளுக்கு மட்டும் வரி போட்டு, அதைக்கொண்டு செய்த பொருளை விட்டுவிட்டால், மானியம் வேறு உருவில் உள்ளே வரும். எடுத்துக்காட்டாக, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள்மீது 2017 செப்டம்பரில் சீனத்துக்கு எதிராக விதிக்கப்பட்ட 18.95 விழுக்காட்டு வரி, 2021 நிதிநிலை அறிக்கையில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில் ஐந்தாண்டு நிறையுமுன்பே நீக்கப்பட்டது. தகட்டை வாங்கி எவர்சில்வர் பாத்திரம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு விலையேற்றம் உண்மையான துயரம். அதைப் புறந்தள்ளிவிட்டு ஆலைகளின் பக்கம் மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஆயினும், தகட்டோடு பாத்திரத்தையும் சேர்த்து ஆராய்வதே அதற்குத் தக்க மருந்தாக இருந்திருக்கும்.

ஈடுசெய் வரி விசாரணை கோரும் மனு நிற்பதற்கு, அதை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 விழுக்காட்டையாவது கொண்டிருக்கவேண்டும் என்று விதி கூறுகிறது. பெரிய ஆலைக்கு எளிதான இது, சிதறிக்கிடக்கும் சிறு ஃபவுண்டரிகளுக்குச் சேர்ந்தால்தான் கைகூடும். பாதிப்பையும் கணக்கேடுகளைக் கொண்டே நிறுவவேண்டியிருப்பதால், ஒவ்வொரு வார்ப்படத்துக்கும் உலோகம், மின்சாரம், வட்டி ஆகிய அடக்கச் செலவுகளைத் தனித்தனியே எழுதிவைக்கும் பழக்கத்தை ஃபவுண்டரிகள் இந்த நிதியாண்டிலேயே தொடங்கவேண்டும்.