கயிறு அறுமுன்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், ஒருபுறம் முந்தல் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக அமைந்திருப்பது உடப்புக் கிராமம். உடப்பு என்றதும் கரைவலை நினைவுக்கு வரும். கரைவலை என்றதும் அம்பாப் பாட்டு நினைவுக்கு வரும். ஒருவர் அடியெடுத்துப் பாட, கயிற்றைப் பிடித்து நிற்போர் அனைவரும் ஒரே குரலில் ஏற்றுப் பாடி, ஒரே மூச்சில் இழுப்பார்கள். உழைப்பின் களைப்பு நீங்கப் பாடிய பாட்டு அது என்று நாம் நூல்களில் எழுதி வைத்திருக்கின்றோம். அஃது உண்மையே. எனினும் அம்பா வேறொரு பணியையும் செய்து வந்ததென்பதை நினைப்பவர் குறைவு.

பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் ஒருங்கே இழுத்தனர். தாளத்துக்கு ஒருங்கே தளர்த்தினர். ஒருவர் கால் இடறினால் பக்கத்தில் நிற்பவரின் தோள் அதனை உடனே உணர்ந்தது. பாட்டு நின்றால் கயிறும் நின்றது. ஆகவே அம்பா என்பது பாட்டாக மாத்திரமின்றி, ஆட்களைக் காக்கும் கட்டளையாகவும் இருந்தது.

பிற்காலத்திலே கரைவலைத் துறைகள் பலவற்றுக்கு உழவு இயந்திரம் வந்தது; அதில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தலைப்பட்டது. வின்சினால் கரைவலை இழுப்பது தகுமா, மீன்வளம் என்னாகும், கூலியாட்களின் பிழைப்பு என்னாகும் என்னும் வழக்குகளும் உடன் எழுந்தன. அவ்வழக்குக்குள் நாம் இன்று புகவில்லை. கரையிலாயினும், படகிலாயினும், பெருங் கப்பலின் தளத்திலாயினும், இயந்திரம் கயிற்றை இழுக்குமிடத்தில் மனிதரின் கையும் காலும் உயிரும் காக்கப்படுவது எங்ஙனம் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கரையோரத் துறையொன்றில் ஒரு தொழிலாளியைச் சந்திக்க நேர்ந்தது. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. உருளையில் ஏறிக்கொண்டிருந்த கயிற்றின் பிரியைச் சரிசெய்யக் கை நீட்டியபோது விரல்கள் சிக்கினவாம். “கூப்பிட்டேன் ஐயா. மெசின் சத்தத்திலே ஒருத்தருக்கும் கேக்கல்ல” என்றார். அருகே அவர் மனைவி வலையின் கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். முன்பு அவர் செய்த வேலை அது. முடிச்சுப் போட அவருக்கு இப்பொழுது விரல் போதவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே முழுப் பாடமும் அடங்கியிருக்கின்றது. வலை கடலடியிற் பாரில் சிக்கினால், கயிறு பிடித்த இருபது பேரின் கைகளும் அதனை அக்கணமே அறியும். வின்சுக்கோ அந்த அறிவு இல்லை. ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுக்கும்வரை அது இழுத்துக்கொண்டேயிருக்கும். வலை கிழியலாம், கயிறு அறலாம், கப்பி பிடுங்கப்படலாம், அன்றி ஒரு மனிதரின் கை போகலாம்.

கயிறும் இப்பொழுது மாறிவிட்டது. தெங்கு முக்கோணத்தைச் சேர்ந்த நமது பகுதிக்குத் தும்புக் கயிறு பழகிய பொருள். ஆங்கிலேயர் தும்புக்கு வழங்கும் ‘கொயர்’ என்ற சொல்லும் நம் தென்னாட்டுக் ‘கயிறு’, ‘கயர்’ என்பவற்றின் வழி வந்ததே. தென்னந்தும்பு, மணிலா முதலிய இயற்கை நார்க் கயிறுகள் அறுமுன் பிரி பிரியாக நெரிந்து ஓசை காட்டுவதுண்டு. நைலோன், பொலிப்புரொப்பிலீன் முதலிய செயற்கை இழைக் கயிறுகள் வலிமை மிக்கவை. ஆயினும் பெரும்பாலும் எச்சரிக்கையின்றியே அறுகின்றன. நைலோன் கயிறு அறுவதற்கு முன் தன் நீளத்தில் நான்கிலொரு பங்குக்கு மேலும் நீண்டு கொடுக்கும். அவ்வாறு நீளும்போது சேர்ந்த விசையெல்லாம் அறுந்த நொடியில் வெளிப்பட, கயிற்றின் நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரும்பி வீசும். அதைக் கண்டு விலகுவோம் என்று எண்ணுவது பேதைமை.

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமரும் மாதங்களில் கரைவலைத் தொழில் சுறுசுறுப்படைகிறது. அதே மாதங்களில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலைக்கு அப்பால் நிலக்கரிக் கப்பல்களும் வந்து நிற்கின்றன. 2011ஆம் ஆண்டில் முதற் பிரிவு இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல் மின் நிலையத்தில், தலா 300 மெகாவாற் கொண்ட மூன்று பிரிவுகள் உள்ளன. பெருங் கப்பல்கள் கரையை அணுக இயலாமையால் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, நிலக்கரி பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகளில் இறக்கப்பட்டுத் துறைமேடைக்குக் கொண்டுவரப்படுகிறது. அலையில் கப்பல் எழுவதும் பார்ஜ் எழுவதும் ஒன்றுபோலிரா. இரண்டையும் பிணைக்கும் கயிறு ஒரு கணம் தொய்யும். மறுகணம் வெடுக்கென்று இறுகும். உடப்புக் கரையில் நிற்பவருக்கும் அக்கப்பல் தளத்தில் நிற்பவருக்கும் நேரக்கூடிய அபாயம் ஒன்றேயாம்.

பெரிய கப்பல்களில் கற்றவர்களும் இவ்விடயத்தில் ஏமாந்ததுண்டு. 2015ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி, வேல்சு நாட்டின் மில்போர்ட் ஹேவன் துறையில் ‘சார்கா’ என்னும் எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து வீசியதில் கப்பல் அதிகாரி ஒருவர் தலையில் கடுங் காயமடைந்தார். அது அதிகம் நீளாத உயர்வகைக் கயிறு. ஆகையால் திரும்பி வீசாது என்று கருதப்பட்டிருந்தது. அதன் நுனியில் பிணைத்திருந்த நீளுந் தன்மையுள்ள கயிற்றுத் துண்டு வேண்டிய விசையைச் சேர்த்துக்கொடுத்துவிட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் புதிய விதிகள் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கப்பலைக் கட்டும் கயிறுகளையும் கருவிகளையும் முறையாகச் சோதித்துப் பேணவேண்டுமென்பது அவ்விதிகளின்படி பழைய கப்பல்களுக்கும் கட்டாயமாயிற்று.

நமது கரைக்கும் படகுக்கும் பொருந்தக்கூடிய விதிகள் சில உள.

முதலாவது, அம்பாவின் இடத்துக்கு ஒருவர் வேண்டும். கடலையும் கயிற்றையும் இயந்திரத்தையும் ஒருங்கே காணக்கூடிய இடத்தில் நின்று கைச்சைகை காட்டுவதே அவர் வேலையாதல் வேண்டும். ‘இழு’ என்று சொல்ல அவர் ஒருவருக்கே உரிமை. ‘நிறுத்து’ என்று சொல்லச் சிறு பையனுக்கும் உரிமையுண்டு. இயந்திரத்தை ஓட்டுபவர் அச்சைகையிலிருந்து கண்ணை எடுத்தலாகாது. நெம்புகோலைக் கட்டிவைத்துவிட்டு அப்பாற் போதலுமாகாது.

இரண்டாவது, நிற்கும் இடம். தரையிற் கிடக்கும் கயிற்றின் வளையத்துக்குள் காலை வைத்தலாகாது; கயிறு இறுகினால் அவ்வளையம் சுருக்காகிவிடும். இறுகிய கயிற்றைத் தாண்டுதலும் கூடாது. கயிறு கப்பியொன்றில் திரும்புமாயின், அத்திருப்பத்தின் உட்பக்கம் மிகக் கொடிய இடம். கப்பி பெயர்ந்தால் அங்கு நிற்பவரைக் கயிறு அரிவாள்போல் வீசிச் செல்லும்.

மூன்றாவது, உருளை. கயிற்றை உருளையில் மூன்று சுற்றுச் சுற்றினால், உராய்வு நன்றாயிருக்கும்போது, ஒருவர் கையிற் பிடித்த 10 கிலோ இழுவை மறுபுறத்தில் 1,000 கிலோ இழுவையையும் தாங்கி நிற்கும். அந்த உராய்வு வழுவினால் கை உருளைக்குள் போய்விடும். ஆகையால் உருளைக்கு ஒரு மீற்றராவது எட்டி நின்றே கயிற்றைப் பிடித்தல் வேண்டும். தொங்கும் சாரம், தோளிற் கிடக்கும் துவாய், விரலில் மோதிரம் ஆகியவற்றோடு அருகில் செல்லலாகாது. செயற்கைக் கயிறு உருளையில் வழுக்கித் தேயவும் விடலாகாது. பொலிப்புரொப்பிலீன் ஏறக்குறைய 165 பாகை செல்சியசில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் திடீரெனத் துள்ளி விடுபடும்.

நான்காவது, கயிற்றைப் பேணல். இது வீட்டிலிருப்போரும் பங்குகொள்ளக்கூடிய காரியம். மணலிற் புரண்ட கயிற்றினுள் புகுந்த மணற்பொடிகள் இழைகளை உள்ளிருந்தே அறுக்கின்றன. வெயில் மேலிருந்து உழுத்துப்போகச் செய்கின்றது. கயிற்றை நன்னீரில் அலசி நிழலில் வைத்தல் நன்று. மாதத்தில் ஒருமுறையாவது பிரிகளை விலக்கி உள்ளே பார்த்தல் வேண்டும். உள்ளே மாவு போலத் தூள் காணப்பட்டால் அப்பகுதியை வெட்டி எறிதலே சிக்கனம். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். பிரிகளைப் பின்னி இணைத்தால் அதன் பெரும்பகுதி எஞ்சும்.

ஐந்தாவது, குழந்தைகள். வலை கரையேறும் நேரத்தில் மீன் பொறுக்க ஓடிவரும் சிறுவர்களைத் தடுப்பது எளிதன்று. ஆயினும் மடி கரைசேர்ந்து இயந்திரம் ஓயும்வரை அவர்களைக் கயிற்றுக்கு வெகுதூரம் அப்பால் நிறுத்துதல் தாய்மாரின் கடமையும் சம்மாட்டியின் கடமையுமாகும்.

இவ்வளவையும் மீறி விபத்து நேர்ந்தால், முதலில் இயந்திரத்தை நிறுத்துக. இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்தி வைத்து, 1990 என்னும் சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதனை ஈரமான சுத்தத் துணியிற் சுற்றிப் பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வைத்து நோயாளியுடன் அனுப்புக. விரல் நேரே ஐஸைத் தொடலாகாது. மீன் இறங்கும் துறையில் ஐஸுக்குக் குறைவில்லை. இந்தச் செய்தி தெரியாமையால் ஒருவர் விரலை இழக்க வேண்டியதில்லை.

அம்பா பாடிய காலம் திரும்பி வருமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பாட்டு நின்றபோது எல்லாக் கைகளும் நின்றன. இயந்திரத்தை நிறுத்துவதற்கும் அப்படியொரு குரல் வேண்டும். நாளை வலை வளைக்குமுன், “இன்று கை காட்டுவது யார்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே கயிறு உருளையில் ஏறட்டும்.