70 லட்சம் வாக்குகள், ஒரு ‘தெரியாது’

2008 நவம்பர் 4 அன்று கலிஃபோர்னியா மக்கள் ஒபாமாவுக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். பண்ணைக் கோழிகள் சிறகை விரிக்கவாவது கூண்டில் இடம் வேண்டும் என்ற ‘முன்மொழிவு 2’ஐ 63 சதவீத ஆதரவோடு சட்டமாக்கினார்கள். அதே வாக்குச்சீட்டில், ஜூன் மாதம் முதல் சட்டப்படி நடந்துவந்த தன்பாலினத் திருமணங்களை ‘முன்மொழிவு 8’ மூலம் நிறுத்தினார்கள். இதற்கு விழுந்தவை ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள், 52 சதவீதம். அந்த ஐந்து மாதத்துக்குள் சுமார் 18,000 இணைகள் மணம் செய்திருந்தனர்.

மக்களே முடிவு செய்த பிறகு, யாரும் தேர்ந்தெடுக்காத நாலு நீதிபதிகள் அதைத் தூக்கி எறிவது என்ன ஜனநாயகம்? பழமைவாதிகள் மட்டும் கேட்கும் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஆண்கள் மணம் செய்துகொள்வதில் தனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்பவர்களும் இந்த இடத்துக்கு வந்ததும் தயங்கி, “ஆனாலும் மக்கள் தீர்ப்பு...” என்று இழுக்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தத் தயக்கம் தவறானது என்பதே என் கட்சி.

முதலில், அந்த ‘மக்கள் தீர்ப்பு’ எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீத அளவுக்குக் கையெழுத்துத் திரட்டினால், மாநில அரசமைப்பைத் திருத்தும் யோசனையை நேரே வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம். வென்றுவிட, பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். அதே மாநிலத்தில் சட்டமன்றம் ஒரு வரியை உயர்த்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கைதூக்க வேண்டும். 1978இல் ‘முன்மொழிவு 13’ போட்ட பூட்டு அது. சட்டைப்பைக்குக் கிடைத்த காவல், பக்கத்து வீட்டுக்காரரின் திருமணத்துக்குக் கிடைக்கவில்லை.

சட்டமன்றம் செய்யட்டுமே, நீதிமன்றம் ஏன் என்பார்கள். செய்ததே! 2005இலும் 2007இலும் கலிஃபோர்னியச் சட்டமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அனுமதியளிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு முறையும் ஆளுநர் அர்னால்டு சுவார்ஸ்நேக்கர் கையெழுத்திட மறுத்தார். 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், அது செல்லுமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும் என்பது அவர் வாதம். 2008 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம், செல்லாது என்று 4-3 கணக்கில் தீர்மானித்தது. உடனே, இதைத் தீர்மானிக்க நீதிமன்றம் யார் என்ற கூச்சல். (அந்த நீதிபதிகள் குறித்த காலத்தில் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்றால்தான் பதவியில் நீடிக்க முடியும் என்பதைக் கூச்சலிட்டவர்கள் சொல்லவில்லை.) எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த வாசலுக்குப் போகச் சொல்லும் ஏற்பாட்டை மக்களாட்சி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

முன்மொழிவு 8 வென்ற பிறகு அந்த நீதிமன்றம் மக்களை எதிர்த்து நின்றதா என்றால், இல்லை. 2009 மே மாதம் 6-1 என்ற கணக்கில் திருத்தம் செல்லும் என்றது. ஏற்கெனவே நடந்த 18,000 திருமணங்களை மட்டும் காப்பாற்றியது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ரொனால்டு ஜார்ஜ், முந்தைய ஆண்டு திருமண உரிமையை வழங்கிய தீர்ப்பையும் எழுதியவர். கார்லோஸ் மொரேனோ என்ற ஒரே நீதிபதிதான், ஒரு சிறுபான்மையின் சம உரிமையைப் பெரும்பான்மை வாக்கால் எடுத்துவிடலாம் என்றால் சமத்துவம் என்ற ஏற்பாடே அடிவாங்குகிறது என்று மாறுபட்டார். தேர்தல் மேடையில் சித்திரிக்கப்படும் ஆணவ நீதிபதிகள் இவர்கள்தாம்.

பிறகு வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2000ஆம் ஆண்டின் புஷ்–கோர் தேர்தல் வழக்கில் எதிரெதிரே நின்ற வழக்கறிஞர்கள் டெட் ஓல்சனும் டேவிட் பாய்ஸும் இதில் தடையை எதிர்த்து ஒரே பக்கம் வாதாடினார்கள். நீதிபதி வான் வாக்கர், மூத்த புஷ் நியமித்தவர். தன்பாலினத்தவர் மணம் செய்துகொள்வதால் மற்றவர்களின் திருமணத்துக்கு, பிள்ளை பெற்று வளர்ப்பதில் அரசுக்குள்ள அக்கறைக்கு, என்ன கேடு வரும் என்று விசாரணைக்கு முன்பே அவர் கேட்டார். தடையின் சார்பில் வாதாடிய சார்லஸ் கூப்பர் சொன்ன பதில்: தெரியாது.

கூப்பர் சாதாரண வழக்கறிஞர் அல்லர். இரு தரப்பும் 80 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்த பிரச்சாரம் முடிந்து, 70 லட்சம் பேர் வாக்களித்த பிறகு, வென்ற தரப்பின் தலைசிறந்த வழக்கறிஞரால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 2010 ஜனவரி விசாரணையில் அவர்கள் தரப்பில் சாட்சிக்கூண்டு ஏறியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான டேவிட் பிளாங்கன்ஹார்ன் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டார்.

வாக்களிப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது, வாக்கு ரகசியமானது. தடைக்கு ஆதரவான தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுமி பள்ளியிலிருந்து வந்து, ‘இளவரசன் இன்னோர் இளவரசனை மணக்கலாமாம்’ என்று அம்மாவிடம் சொல்கிறாள். அதைப் பார்த்துக் கலங்கிய பெற்றோரின் வாக்கும் பெட்டிக்குள் ஒரு வாக்குதான். அந்தச் சிறுமியைக் குறுக்கு விசாரணை செய்ய யாராலும் முடியாது. நீதிமன்றத்திலோ, ஒருவருடைய உரிமையைப் பறித்தவர் ஏன் பறித்தார் என்று சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் பறித்தார்கள் என்ற கணக்கு அதற்குப் பதிலாகாது.

கலிஃபோர்னியாவுக்கு இது புதிதும் இல்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற ஆசியர்கள் விளைநிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதைக்கூடத் தடுத்த சட்டம் 1920இல் பொதுவாக்கெடுப்பில் பெருவெற்றி பெற்றது. பஞ்சாபிலிருந்து போன விவசாயிகளும் அதில் அடிபட்டார்கள். 1964இல், வீடு விற்பவர் கறுப்பினத்தவருக்கு விற்க மறுக்கலாம் என்ற உரிமையை ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். முதலாவதை 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. இரண்டாவதை 1966இல் அதே நீதிமன்றம் செல்லாதென்றது; மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த வாக்கெடுப்புகளுக்காக இன்று கண்ணீர் விடுவோர் யாரையும் நான் கண்டதில்லை.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. 2015இல் அமெரிக்கா முழுதும் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த 5-4 தீர்ப்பில் மாறுபட்ட தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், மக்களை இணங்கவைத்துப் பெறும் வெற்றியே நிலைக்கும், நீதிமன்றம் அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டது என்றார். மனம் மாறுகிறது என்பது உண்மைதான். 2012இல் மெய்ன், மேரிலேண்ட், வாஷிங்டன் மாநில மக்கள் தாங்களே வாக்களித்து அனுமதித்தார்கள். கலிஃபோர்னியர்களும் 2024இல் முன்மொழிவு 8இன் வரியை 62 சதவீத வாக்குகளுக்கு மேல் அளித்து நீக்கினார்கள். ஆனால் எவ்வளவு காலம் காத்திருப்பது? கலப்பினத் திருமணத் தடைகளை உச்ச நீதிமன்றம் 1967இல் ஒருமனதாக ரத்து செய்தது. அடுத்த ஆண்டு கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் கேட்டபோது அத்தகைய திருமணத்தை ஏற்றவர்கள் 20 சதவீதம். அலபாமா தன் அரசமைப்பிலிருந்து அந்தத் தடையை நீக்கியது 2000இல். அப்போதும் 40 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்றார்கள்.

காத்திருக்கச் சொல்பவர்கள் ஜான் ஆர்தரை நினைத்துப் பார்க்கட்டும். சின்சினாட்டியில் வாழ்ந்த அவருக்குத் தசைகளை முடக்கிக் கொல்லும் ஏ.எல்.எஸ். நோய். ஓஹையோ மக்கள் 2004இல் சுமார் 62 சதவீத வாக்குகளால் அரசமைப்பில் எழுதிய தடையால், இருபது ஆண்டுத் துணைவர் ஜிம் ஓபர்கெஃபெல்லை அங்கே மணக்க முடியவில்லை. 2013 ஜூலையில், நண்பர்களும் உறவினர்களும் கொடுத்த பணத்தில், மருத்துவ வசதியுள்ள விமானத்தில் மேரிலேண்டுக்குப் போனார்கள். ஓடுதளத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்டு திரும்பினார்கள். மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் ‘மணமாகாதவர்’ என்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஓஹையோ அரசு நீதிமன்றம் நீதிமன்றமாக வாதாடியது. இதனால் அந்த 62 சதவீதத்தினரில் யாருக்கு என்ன கிடைத்தது?

நீதிமன்றங்களும் தவறு செய்யும். நம் உச்ச நீதிமன்றமே 2013இல் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 377ஆம் பிரிவை உயிர்ப்பித்தபோது, தன்பாலினத்தவர் மிகச் சிறு கூட்டம்தானே என்று காரணம் சொன்னது. அதாவது, தலையை எண்ணியது. அதைத் திருத்த 2018 வரை ஐந்து ஆண்டுகள் ஆயின. 2023இல் திருமண உரிமை கேட்டவர்களை நாடாளுமன்றத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டது. தலை எண்ணுவதற்கு வாக்குப்பெட்டி போதும். அதையே செய்ய நீதிபதிகள் அமர்வு வேண்டாம்.

ஓஹையோ அரசமைப்பில் 2004இல் எழுதிய வரி இன்னும் நீக்கப்படவில்லை. அந்த மாநிலத்தில் இன்று இரண்டு பெண்கள் திருமண உரிமம் வாங்க முடிகிறது என்றால், அது ஓபர்கெஃபெல்லின் பெயரில் 2015இல் வந்த அந்த 5-4 தீர்ப்பால்தான்.