திடீர்னு ஒரு காது கேட்கலையா? வைரஸ் காரணமாக இருக்குமா? முதல் 2 வாரம் ஏன் முக்கியம்?

விமானத்தில் இருந்து இறங்கி நடந்தபோது திடீரென எதுவுமே கேட்கவில்லை என்று பாலிவுட் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூன் மாதம் இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். வைரஸ் தாக்குதலால் ஏற்பட்ட அரிதான நரம்பு சார்ந்த செவித்திறன் இழப்பு என டாக்டர்கள் கண்டறிந்ததாகவும் அவர் தெரிவித்தார். வைரஸ் காதையும் விட்டு வைக்காதா?

காதுக்குள் என்ன நடக்கிறது?

உட்காதில் நத்தை ஓடு வடிவில் 'காக்ளியா' என்ற உறுப்பு இருக்கிறது. இதில் உள்ள நுண்ணிய முடி செல்கள்தான் ஒலி அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. இந்த செல்களோ நரம்போ பாதிக்கப்பட்டால், சத்தம் காதுக்குள் போனாலும் மூளைக்குப் போய்ச் சேராது.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த 3 அலைவரிசைகளில் குறைந்தது 30 டெசிபல் கேட்கும் திறன் குறைந்தால், அதுதான் 'திடீர் செவித்திறன் இழப்பு'. பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும்.

வைரஸ்தான் காரணமா?

பொன்னுக்கு வீங்கி, தட்டம்மை வைரஸ்கள் காது கேட்கும் திறனைப் பாதிக்கும் என்பது தெரிந்ததே. அக்கி வைரஸ் காதருகே உள்ள நரம்பைத் தாக்கினால் முகவாதத்தோடு காதும் பாதிக்கப்படலாம்.

ஆனால் திடீரென காது கேட்காமல் போகிறவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு மட்டுமே காரணம் உறுதியாகத் தெரிகிறது. உட்காது கெட்டியான எலும்புக்குள் இருப்பதால், அங்கிருந்து திசு எடுத்துப் பரிசோதிக்க முடியாது. அதனால் பல நேரங்களில் வைரஸ் என்பது வலுவான சந்தேகம் மட்டுமே. ரத்த ஓட்டத் தடை, நோய் எதிர்ப்பு சக்தியே காதைத் தாக்குவது ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உள்ளன.

அப்போ வைரஸ் எதிர்ப்பு மருந்து போதுமா?

இல்லை. ஆய்வுகளில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டுதான் வழக்கமாகத் தரப்படுகிறது. இதை முதல் 2 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. நாள் தள்ளிப்போகப் போக, பலன் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

அழுக்கா, நரம்பா?

'சளி அடைச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாகிடும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய சிக்கல். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அழுக்கு, சளி அடைப்பு என்றால் அடைத்த காதில்தான் சத்தம் அதிகமாகக் கேட்கும். நல்ல காதில் அதிகமாகக் கேட்டால், நரம்பு பாதிப்பாக இருக்கலாம். இது ஒரு அறிகுறி மட்டுமே. 'ஆடியோகிராம்' பரிசோதனைதான் உறுதி செய்யும்.

காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தது போல இருக்கிறதா? கூடவே இரைச்சல், தலைசுற்றல் உள்ளதா? காதில் எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ் விடுவது வேண்டாம். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவாவது தானாகவே சரியாகிவிடும். ஆனால் அந்தப் பாதியில் நீங்கள் இருப்பீர்களா என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் டாக்டர்கள் காத்திருக்க வேண்டாம் என்கிறார்கள்.