உறக்கம் கடைச்சரக்கல்ல: கடையம் கொள்கைப் பிரகடனம்

பீடி சுற்றும் பெண்களும், இரவு வேலை முடித்து விடியலில் வீடு திரும்புகிறவர்களும், மருந்துக்கடையில் நின்று பழகியவர்களும் ஒன்றுகூடி, பாரதி வாழ்ந்த இந்தக் கடையத்தில் இன்று ஓர் இயக்கம் தொடங்குகிறோம்.

இரவு பத்து மணிக்கு எங்கள் தெருத் திண்ணை ஒன்றைப் பாருங்கள். மடியில் சுளவு. வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்குகிறார் ஓர் அக்கா. ஆயிரம் பீடி தேறினால்தான் அன்றைய கூலி முழுசாகக் கைக்கு வரும். குனிந்தே இருந்து கழுத்தும் தோளும் இறுகிவிட்டன. பக்கத்தில் மகளின் செல்போனில் விளம்பரம் ஓடுகிறது: இதைச் சாப்பிட்டால் படுத்ததும் தூக்கம், பக்கவிளைவே கிடையாது.

அந்த அக்காவுக்குக் குறைந்தது மாத்திரையா, ஓய்வா? இந்தக் கேள்விதான் எங்களை ஒன்றுசேர்த்தது.

அல்பிரசோலம், நைட்ரசெபம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விதிகளின் எச்-1 பட்டியலில் வருபவை. அட்டையிலேயே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் விளம்பரம் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. மூலிகை என்றும் இயற்கை என்றும் மிட்டாய் என்றும் பேர் மாற்றிக்கொண்டு வருகிறது. எதையாவது விழுங்கினால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையை வீட்டுக்குள் விதைத்துவிட்டுப் போகிறது. மிட்டாய் பலிக்காத இரவுக்கு மறுநாள், அந்த நம்பிக்கையே சீட்டில்லாமல் ஓர் அட்டை கேட்க வைக்கிறது.

எங்கள் கொள்கைகள் இவை:

1. உறக்கம் உரிமை. டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை நள்ளிரவில் போலீஸ் விரட்டிய வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் உறக்கத்தை வாழ்வுரிமையோடு சேர்த்தே பேசியது.

2. களைப்பு நோயல்ல. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று எல்லை வகுத்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் வீட்டுத் திண்ணைக்கு அந்த எல்லை வந்து சேரவில்லை. வேலை தின்ற உறக்கத்தை மாத்திரை திருப்பித் தராது.

3. ‘பக்கவிளைவே இல்லை’ என்ற சொல்லை நம்ப மாட்டோம். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை, துளியும் ஆபத்தில்லை என்று விளம்பரம் செய்து, சீட்டில்லாமலே விற்றார்கள். 1961-இல் திரும்பப் பெறுவதற்குள், அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டார்கள்.

4. மருந்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்; திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீராக்கும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியே 2016-இல் வழிகாட்டியிருக்கிறது. அந்தப் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் எங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பது: எட்டு மணி நேரத்தில் சுற்ற முடிகிற பீடிக்கு ஒரு குடும்பம் பிழைக்கும் கூலி. பொய் விளம்பரத்துக்குத் தண்டனை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். விளம்பரத்தில் வந்து நல்லது என்று சொல்கிற பிரபலத்தையும் தடை செய்யலாம். அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. அது நடப்புக்கு வர வேண்டும்.

எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்வது: சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்க மாட்டோம், விற்க மாட்டோம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். தூக்கம் விற்கும் விளம்பரத்தை யாருக்கும் அனுப்ப மாட்டோம். பொய் என்று பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்வோம். தூங்காமல் தவிக்கிறவரிடம், “என்ன மாத்திரை போடுத?” என்று கேட்பதற்கு முன், “எத்தனை மணி வரைக்கும் வேலை பாக்க?” என்று கேட்போம்.

திண்ணையில் இருக்கும் அந்த அக்கா, சாயங்காலமே சுளவை இறக்கி வைத்தாலும் முழுக்கூலி வாங்க வேண்டும். அந்த நாள் வரும்வரை இந்த இயக்கம் நிற்கும். கடையத்து மக்களே, ஆழ்வார்குறிச்சி, தென்காசிச் சொந்தங்களே, வந்து சேருங்கள்.