பாடல்கள் இருக்கின்றன, படம் எங்கே?

பாட்டை முன்வைத்துக் கதையைப் பின்னர் கட்டுவது கலையாகாது. பழைய இசைத்தட்டை மீண்டும் விற்கும் வணிக உத்தியே அது என்பது நம்மிடையே ஒரு சாரார் வழங்கிவரும் தீர்ப்பாகும். சுவீடன் நாட்டு 'ஆபா' குழுவினரின் புகழ்பெற்ற பாடல்களைக் கோத்து, கிரேக்கத் தீவொன்றில் நிகழும் திருமணக் கதையாக 2008இல் வெளிவந்த 'மம்மா மியா' திரைப்படத்தை இவர்கள் சான்று காட்டுவர். அதன் கதை மெலிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு படத்தின் மெலிவைக் கொண்டு ஒரு வடிவத்தையே ஒதுக்கிவிடுவது திறனாய்வு ஆகுமா?

தமிழ்த் திரையை நோக்குவோம். 1961இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஒலித்தவை அப்படத்துக்கென எழுதப்பட்ட பாடல்கள் அல்ல. 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களே ஜி. ராமநாதனின் இசையில் உயிர்பெற்றன. அதற்கு முன்னரே, 1947இல், ஏவி.எம். நிறுவனத்தின் 'நாம் இருவர்' பாரதி பாடல்களைத் திரையேற்றியது. முன்பே அறிந்த பாட்டு, கதையின் நெருக்கடியில் வந்து நிற்கும்போது புதுப்பொருள் கொள்கிறது. இவ்வடிவத்தின் ஆற்றல் இதுவே.

மலையகத்துக்கோ இது இரவல் வடிவமும் அன்று. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து யாது? வழிவழியாக வந்த பாடல்களால் பிணைக்கப்பட்ட மன்மதன் எரிவும் ரதியின் புலம்பலும் அன்றோ? தப்பு முழங்கும்போதே அடுத்து வரும் பாட்டு எதுவென லயத்துச் சிறுவனும் அறிவான். அறிந்திருந்தும், ரதி அழுகையில் நம் தாய்மாரின் கண்கள் கலங்காமல் இருப்பதில்லை.

அவ்வாறாயின், நம் பாடல்களைத் தூணாக நிறுத்தி எழுந்த திரைப்படம் எங்கே? 1963இல் 'தோட்டக்காரி', 1975இல் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' எனத் தோட்ட வாழ்வு திரைக்கு வந்ததுண்டு. அம்முயற்சிகளைப் போற்றுவோம். எனினும், வாழ்வைக் காட்டுவது வேறு. வாழ்ந்தவர் பாடியதையே கதையாக்குவது வேறு. பாடல்களுக்குப் பஞ்சம் என எவரும் கூறமுடியாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. ஊரைப் பிரிந்த துயர், பிரட்டுக்களத்து விடியல், கங்காணி மீதான நையாண்டி, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை முறையாக அடுக்கினாலே நம் வரலாறு கதையாகிவிடும்.

'நூல்தான் வந்துவிட்டதே, படம் எதற்கு?' என வினவுவோர் ஒன்றை மறக்கின்றனர். ஏடு சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடும்பங்கள் பிளவுண்டன. பாட்டெடுத்தவள் அக்கரையிலும் எதிர்ப்பாட்டுப் பாடியவள் இக்கரையிலும் நின்றனர். எஞ்சிய குரல்களும் மூப்பினால் அடங்கி வருகின்றன. நாமோ கலைவிழா மேடைகளில் சென்னைத் திரைப்பாடல்களுக்கு வாயசைத்துக் கைதட்டல் பெறுகிறோம்!

ஆகவே, இவ்வடிவத்தைப் பழிப்பதை விடுத்து அதனை நமதாக்குவோம். மூன்று நிபந்தனைகள் போதும்: பாடலின் சொற்கள் திருத்தப்படலாகாது, அவற்றை அறிந்த முதியோரே பாடவேண்டும், அவர்களுக்குரிய ஊதியம் குறைவின்றி வழங்கப்படவேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த நாம், இவ்விடுமுறையிலேயே ஒலிப்பதிவுக் கருவியோடு லயங்களுக்குச் செல்வோம். பாட்டிமார் மறைந்தபின் எடுக்கப்படும் படத்தில் தேயிலை மலைகள் இருக்கும், மலையகம் இராது.